நாலு மணிக்கு வரும் காத்து

செத்துப்போன என் அண்ணன் தினமும் மாலை நான்கு மணிக்குத் தேநீர் குடிக்க வீட்டுக்கு வருகிறார் என்று கொஞ்ச காலம் நான் மனதார நம்பினேன். இதை நானே முதலில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் மனைவி சொல்லி நீங்கள் கேட்டால் கதை இன்னும் மோசமாக இருக்கும். ஊரில் மற்றவர்கள் வீட்டுப் பேய் நடுராத்திரியில் வரும், பயப்படுவதற்கும் ஒரு மரியாதை இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும் அது பீசாங் கோரேங் சூடாக இருக்கும் நேரம் பார்த்து வந்தது. அதற்கும் நான் பயந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவன், அலுவலகத்தில் எல்லோரையும் கேலி செய்து பிழைப்பவன், வெட்ட வெளிச்சத்தில், பொரித்த வாழைப்பழ வாசனைக்கு நடுவில் நடுங்கினேன்.

எங்கள் வீடு ஜார்ஜ் டவுனில் வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே தளம். அகலம் குறைச்சல், நீளம் அதிகம். முன்னால் கூடம், கூடத்தை ஒட்டி எங்கள் படுக்கையறை. நடுக்கட்டில் சாப்பாட்டு மேசையும் அடுப்படியும். அதற்கு மேலே ஒரு காலத்தில் கூரை இல்லாமல் வானம் தெரிந்தது. பிறகு மழைக்குப் பயந்து கண்ணாடித் தகடு போட்டுவிட்டோம், ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டு. கடைசியில் பின் அறை. அது அண்ணனும் அண்ணியும் இருந்த அறை. அதற்குப் பின்சந்தைப் பார்த்து ஒரு வாசல் உண்டு. அண்ணன் மோட்டார் சைக்கிளைச் சந்தில் நிறுத்திவிட்டு அந்த வழியாகத்தான் வருவார். காலை ஷிப்ட் முடிந்து, கைக்கு ஒரு பையாக, நடுக்கட்டுத் திரையை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்து நிற்பார். மணி நான்கு என்று கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

போன வருஷம் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. அண்ணி எங்களோடேயே, அந்தப் பின் அறையிலேயே இருந்தார். பிள்ளைகள் கிடையாது. அவருக்கென்று இருந்தது நாங்களும், நிபோங் திபாலில் ஒரு தங்கையும்தான்.

அந்த வீட்டில் முன்வாசலையும் பின்வாசலையும் எங்கள் படுக்கையறையையும் குளியலறையையும் விட்டால் கதவு என்பதே இல்லை. திரைகள்தான். முன்வாசலில் நின்று பார்த்தால் பின் அறைக் கட்டிலின் கால் வரை தெரியும். கடல் பக்கமிருந்து வரும் காற்று முன்னால் நுழைந்து, திரைகளை எல்லாம் நலம் விசாரித்துவிட்டுப் பின்னால் போய்விடும். இந்தச் சௌகரியத்தை நாசமாக்கியவன் நான்தான்.

காரணம் என் மனைவியின் உடம்பு. அந்த வயதுக்கு வரும் வெக்கை அவளுக்கு வந்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி வியர்த்து ஊற்றும். "ஏங்க, எனக்குள்ளயே யாரோ அடுப்ப மூட்டி வச்சிருக்காங்க," என்பாள். ஏர்கோன் வாங்கினேன். படுக்கையறையில் மாட்டியிருக்கலாம், அங்கே ஏற்கனவே கதவு இருந்தது. ஆனால் படுக்கையறையில் மாட்டினால் வருகிறவர்கள் யார் பார்ப்பார்கள்? கூடத்தில் மாட்டச் சொன்னேன். மாட்ட வந்த பையன் வீட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டுச் சிரித்தான். இப்படித் திறந்து கிடந்தால் பின்சந்துப் பூனைகளுக்குத்தான் குளிரும் என்றான்.

ஆகவே கதவுகள் வந்தன. கூடத்துக்கும் நடுக்கட்டுக்கும் நடுவில் ஒன்று, மேல்பாதி கண்ணாடி வைத்தது. கூடத்துக்கு மட்டும் போட்டால் அண்ணிக்கு மனவருத்தம் வருமோ என்று பின் அறைக்கும் ஒன்று. திரையை எடுத்துவிட்டு நல்ல பலகைக் கதவு. அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. போட்ட கை ஓயவில்லை எனக்கு, கண்ணாடித் தகட்டு ஓரத்து இடைவெளியையும் பஞ்சு வைத்து அடைத்தேன். குளிர் எந்த வழியாகவும் தப்பித்துவிடக் கூடாதாம். அன்றிலிருந்து கூடத்தில் காவல்காரன் வேலையும் எனக்கே. யார் அந்தக் கதவைத் திறந்தாலும் நாற்காலியிலிருந்தே "கதவு, கதவு" என்று குரல் கொடுப்பேன். சில சமயம் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிடுவேன்.

கூடம் குளிர்ந்தது. மனைவி காலை நீட்டிப் படுத்துக்கொண்டு என்னைப் பாராட்டினாள். அதற்கப்புறம்தான் அது வர ஆரம்பித்தது.

துறைமுகத்துப் பக்கம் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எனக்கு வேலை. காலையில் சீக்கிரம் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவேன். ஒரு நாள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி நடுக்கட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். குடிக்கப் போகலாம் என்று எழுந்து கதவை இழுத்தேன். வரவில்லை. பூட்டவில்லை, சாவியே கிடையாது. மறுபடி இழுத்தேன். கொஞ்சம் அசைந்தது, பிறகு மெதுவாகத் தன் இடத்துக்கே போய் ஒட்டிக்கொண்டது. இறுகிப்போன கதவு அப்படிச் செய்யாது. அந்தப் பக்கம் ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் அப்படி இருக்கும். சின்ன வயதில் குளியலறைக் கதவை அண்ணன் வெளியிலிருந்து பிடித்துக்கொள்வார், நான் உள்ளேயிருந்து இழுத்து இழுத்து அழுவேன். அதே இழுப்பு. கை அதை அடையாளம் கண்டுகொண்டது, தலைதான் ஒப்புக்கொள்ள மறுத்தது.

அப்போது வீட்டுக் கடைசியில் 'டொக்' என்று ஒரு சத்தம். பின் அறைக் கதவு. அந்தக் கணமே என் கையிலிருந்த கதவு விடுபட்டது, நான் இரண்டு அடி பின்னால் போய்ச் சோபாவில் உட்கார்ந்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், பின் அறைக் கதவு ஒரு முழங்கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. யாரும் வெளியே வரவில்லை. அண்ணி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னவோ முணுமுணுத்தபடி எண்ணெய்ச் சட்டியில் கவனமாக இருந்தாள். சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும். முதலில் கூடத்துக் கதவை யாரோ பிடித்துக்கொள்வார்கள். பிறகு பின்னால் டொக். பிறகு கூடத்துக் கதவைப் பிடித்தவர் விட்டுவிடுவார். கூடவே, கூடத்துக் கதவுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். அண்ணன் ஒரு விஷயத்தைப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். இப்படித்தான் தொண்டையில் ஒரு சத்தம் கொடுப்பார்.

கண்ணாடி விஷயம் அதைவிட மோசம். உள்ளே குளிர், வெளியே அடுப்படி வெக்கை. கண்ணாடியின் அந்தப் பக்கம் எப்போதும் ஆவி படிந்து நீர் வழிந்துகொண்டிருக்கும். அதில் ஒரு நாள் ஒரு கை பதிந்திருந்தது. ஐந்து விரலும் சுத்தமாக. கைக்குப் பக்கத்தில், முகம் வைத்துப் பார்த்தது போல வட்டமாக ஒரு தெளிவு. நான் அலுவலகச் சட்டையைக் கழற்றியே துடைத்தேன். அடுத்த நாள் அதே இடத்தில் திரும்பவும் இருந்தது. அளந்து பார்த்தேன், அந்த வட்டம் என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வந்தது. அண்ணன் என்னைவிட உயரம். செத்தால் மனிதன் குள்ளமாகிவிடுவான் போல என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் எனக்கு மூளை வேலை செய்தது. அந்த உயரத்தில் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசிக்க மட்டும் செய்யவில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. வெக்கையோடு போராடுகிறவளிடம் பேயையும் சேர்த்துக் கொடுப்பதா? அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர், பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெர்ரியில் வருகிறவர், அவரிடம் கோப்பிக் கடையில் வைத்து, என் நண்பனுக்கு நடந்தது என்று சொல்லி ஆரம்பித்தேன். பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். அண்ணனை அவருக்கும் தெரியும்.

"உங்கண்ணன் உயிரோட இருக்கையிலயே கதவத் தட்டாம வர்ற ஆளு. அவரு வீட்ல அவர வெளிய நிக்க வச்சுக் கதவு போட்டா கோவம் வராதாலா?"

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். சிரித்தேன். அன்று முழுவதும் அந்த வார்த்தை என் காதை விட்டுப் போகவில்லை. வெளியே நிற்க வைத்து.

உண்மையான பயம் அதற்கப்புறம்தான் வந்தது, அது அண்ணனைப் பற்றியதும் இல்லை. நடுக்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பின் அறைக்குள் அண்ணி தொலைபேசியில் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். திரையாக இருந்த காலத்தில் அந்த வீட்டில் யார் பேசினாலும் முழுசாகக் கேட்கும். இப்போது பலகைக் கதவு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது.

"...கதவு போட்டதிலேர்ந்து... காத்து... ரூமுக்குள்ள இருக்க முடியல... தீபாவளிக்கு வந்தா அப்படியே அங்கயே இருந்துடறேன்."

காத்து. தமிழில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுகிற பாடு கொஞ்சமில்லை. ஜன்னல் வழியாக வருவதும் காத்து, ஆளை அடித்துப் படுக்கவைப்பதும் காத்து. காத்து கருப்பு அண்டாமல் இருக்க மந்திரிப்போம், காத்து வாங்கக் கடற்கரைக்குப் போவோம். அண்ணி எந்தக் காத்தைச் சொன்னார் என்று எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அவருக்கும் தெரிந்துவிட்டது. அறைக்குள் அண்ணன் வருவது அவரையும் தாக்கிவிட்டது. அதனால் போகிறார்.

அலமாரியின் மேல் கிடந்த அண்ணியின் பை கீழே இறங்கிக் கட்டிலோரம் இருப்பதை அன்று மாலையே பார்த்தேன். அது பேயைவிட என்னை உலுக்கியது. அண்ணன் போனபோது, அண்ணியை நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து எல்லோர் முன்பும் சொன்னவன் நான். அது பெருமைக்குச் சொன்னது இல்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குச் சோறு போட்ட கை அது. அவர் இந்த வீட்டை விட்டுப் போவதற்கு என் அண்ணனே காரணமாவது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனோடு ஒரு முடிவுக்கு வர வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன். இவ்வளவு வீரமாகச் சொல்கிறேன், ஆனால் அன்றைக்குக் குளியலறைக்குப் போகக்கூட மனைவி அந்தப் பக்கம் போகும் வரை காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். என்ன காரணம் என்று கேட்டதற்கு, வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றேன். பொய் இல்லையே. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் மனைவி சாம்பிராணி போடுவாள். நான் அவளை முந்திக்கொண்டு நான்கு மணிக்கே கரி மூட்டினேன். தூபக்காலில் சாம்பிராணியை அள்ளிக் கொட்டினேன், ஒரு கல்யாண வீட்டுக்கே போதும். புகை நன்றாக நிற்கட்டும் என்று ஏர்கோனை அணைத்தேன். டிவி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில், மூடிய கதவுக்கு முன்னால், தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு நின்றேன். மனைவி அந்தப் பக்கம் வாழைப்பழம் நறுக்கும் சத்தம் கேட்டது.

அண்ணே, என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். கதவு போட்டது தப்புத்தான். உங்களை வெளியே நிறுத்துவதற்காகப் போடவில்லை, அவளுக்கு வெக்கை. அண்ணி போகிறேன் என்கிறார். நீங்கள் வந்து போவதால்தான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து...

அந்த இடத்தில் புகை திரும்பியது.

மேலே போய்க்கொண்டிருந்த புகை வளைந்து, கீழே இறங்கி, தரையோடு தரையாக ஓடிக் கதவுக்கு அடியில் நுழைந்தது. கலையவில்லை, பரவவில்லை. நூல் பிடித்து இழுப்பது போல, அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பது போல, அத்தனையும் போனது. கதவுக்கு அடியில் 'ம்ம்ம்'. ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் ஒரு உருவம் வந்து நின்றது. ஒரு கை எழுந்து கண்ணாடியில் பதிந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. 'அண்ணே' என்று கத்தியதாக நான் சொல்கிறேன். 'அம்மா' என்று கேட்டதாக மனைவி சொல்கிறாள். ஓடிப்போக நினைத்தவன், எந்தப் பக்கம் பேய் நின்றதோ அந்தப் பக்கத்துக் கதவையே பிடித்து இழுத்தேன். வரவில்லை, பிடித்துக்கொண்டிருந்தார். பின்னால் டொக். கதவு விட்டது. திறந்த கதவுக்கு எதிரில் அண்ணி நின்றார், ஒரு கையில் தேநீர்க் குவளை, இன்னொரு கை கண்ணாடி இருந்த உயரத்தில் அப்படியே காற்றில். முகமெல்லாம் என் சாம்பிராணிப் புகை. இருமிக்கொண்டிருந்தார்.

"கோயில் மாதிரி இருக்குங்க, என்ன விசேஷம்?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நேரம், பிடி, டொக், முனகல். மனைவி கரண்டியோடு நின்று கேட்டாள். சிரிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. பிறகு தூபக்காலைக் கூடத்துப் பக்கமே விட்டுவைத்து, என்னைத் திரும்ப உள்ளே போய்க் கதவை மூடச் சொன்னாள். கூடத்துக்குள் நின்று பார்த்தேன். புகை கதவுக்கு அடியில் ஓடியது. சட்டென்று நின்று, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி மேலே போனது. திரும்பவும் ஓடியது. திரும்பவும் நின்றது.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், மனைவியின் விரல் சுவரிலிருந்த சுவிட்சில் இருந்தது. பொரியல் புகையை வெளியே தள்ளுவதற்காக அடுப்புக்கு மேலே சுவரில் பதித்திருந்த பெரிய விசிறி. தினமும் எண்ணெய்ச் சட்டி வைக்கும்போது போடுவது.

"உங்கண்ணனோட சுவிட்ச் இங்க இருக்குங்க," என்றாள்.

விஷயம் அவ்வளவுதான். அந்த விசிறி எத்தனையோ வருஷமாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது, வீடு திறந்து கிடந்ததால் வேறு காற்று வந்து அந்த இடத்தை நிரப்பியது. நான் இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு போட்டு, மேலே இருந்த இடைவெளியையும் அடைத்த பிறகு நடுக்கட்டுக்குக் காற்று வர வழியே இல்லை. விசிறி இழுத்த இழுப்பில் கூடத்துக் கதவு ஒட்டிக்கொண்டது, அடி இடுக்கு முனகியது. பின் அறை ஜன்னல் வழியாகக் காற்று நெருக்கி அந்தக் கதவைத் தள்ளித் திறந்ததும், இழுப்பு குறைந்து கூடத்துக் கதவு விட்டது. நான்கு மணிக்கு வந்தது அண்ணன் இல்லை, பீசாங் கோரேங்.

ஆனால் அண்ணியின் பை கட்டிலோரத்தில்தானே இருந்தது. இனி பயம் இல்லை அண்ணி, எங்கேயும் போக வேண்டாம் என்றேன். அவர் என்ன பயம் என்று கேட்டார். தொலைபேசியில் தங்கையிடம் காத்து என்று சொன்னீர்களே என்றேன்.

"காத்தே இல்லன்னு சொன்னேன் தம்பி," என்றார் அண்ணி. "கதவு போட்டதிலேர்ந்து ரூமுக்குள்ள காத்தே இல்ல. புழுங்குது. அதத்தான் சொன்னேன்."

மனைவி அப்போதுதான் சிரிக்க ஆரம்பித்தாள். எண்ணெய்ச் சட்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்து சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கண்ணாடியில் ஏன் கை வைத்தீர்கள் என்று கேட்டேன். அண்ணி கொஞ்சம் கூச்சப்பட்டார். முன்பெல்லாம் கட்டிலில் இருந்தபடியே கூடத்து டிவி தெரியும், சத்தமும் கேட்கும். இப்போது தெரிவதில்லை. அதனால் நாடகம் வரும் நேரத்தில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாராம். சத்தம் கேட்காது, படம் மட்டும். உள்ளே வந்து பார்க்க வேண்டியதுதானே என்றாள் மனைவி.

"முட்டிக்குக் குளிரு ஒத்துக்கல," என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "தெறந்தா தம்பி கதவு கதவுன்னும்," என்றார்.

நான் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வீட்டில் ஒருவரை வெளியே நிற்க வைத்தாயிற்று என்பது உண்மைதான். ஆளைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டிருந்தேன்.

அன்றே மேலே அடைத்த பஞ்சைப் பிடுங்கினேன். மறுநாள் காலை கூடத்துக் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாய்த்தோம். ஏர்கோன் படுக்கையறைக்குப் போயிற்று. வருகிறவர்கள் பார்க்க முடியாது, மனைவிக்கு அதில் வருத்தம் இல்லை. பின் அறைக் கதவையும் கழற்றப் போனேன். அண்ணி கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் தம்பி."

புழுங்குகிறது என்றீர்களே என்றேன். கூடத்துக் கதவு போனதும் காற்று வந்துவிட்டதாம். அப்படியென்றால் இது எதற்கு என்று கேட்டேன். அண்ணி தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"ஃபேன் போட்டா இது தெறக்குதுன்னு எனக்கு ஆரம்பத்துலயே தெரியும். அதுக்குத்தான் தாப்பா போடாம சாத்தி வச்சிருப்பேன். அவரு வர்ற நேரத்துக்கு ஒரு சத்தம் வருதில்ல."

கழற்ற எடுத்த திருப்புளியைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி எண்ணெய் காய வைத்து விசிறியைப் போட்டாள். முன்வாசலிலிருந்து காற்று கூடத்தைக் கடந்து நேராக வந்து மேசைத் துணியைத் தூக்கியது. பின் அறைக் கதவு சாத்தியபடி இருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை, இடுக்கில் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே அண்ணியும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மணி நான்கைத் தாண்டியது. கதவு அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணியே அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தார், பையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிடச் சொன்னார், மேசையிலிருந்த தேநீரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார், டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.